தோல், ரெக்சின், ஸ்வேட், கம்பளி: கோளாறு எது, கைவைத்தியம் எது

உறவுக்காரர்களும் நண்பர்களும் சரிசெய்யச் சொல்லி என்னிடம் கொண்டுவந்து போடும் பை, ஷூ, ஸ்வெட்டர்களில் பாதி தானாகக் கெட்டவை அல்ல. யாரோ நல்லெண்ணத்தோடு வைத்தியம் பார்த்துக் கெடுத்தவை. ரெக்சின் பையைத் தோல் என்று நினைத்து எண்ணெய் தடவியிருப்பார்கள். ஸ்வேட் ஷூவுக்கு மெழுகு பாலிஷ் போட்டிருப்பார்கள். கம்பளியை மற்ற துணிகளோடு சேர்த்து வாஷிங் மெஷினில் சுற்றவிட்டிருப்பார்கள். இந்தக் கடைசித் தப்பை நானே செய்திருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

கீழே தலைப்புகளெல்லாம் அறிகுறிகள்தான். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதலில், கையில் இருப்பது என்ன?

லேபிள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பியூ லெதர், லெதரெட், ஃபாக்ஸ் லெதர் என்று எழுதியிருந்தால் அது பிளாஸ்டிக் பூசிய துணி. பாண்டட் லெதர் என்றால் தோல் கழிவை அரைத்துப் பசையோடு தாளாக்கி, மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசியது. பெயரில் தோல் இருந்தாலும் கெட்டுப்போவது ரெக்சின் மாதிரிதான். ஜெனுயின் லெதர் என்பது தோல்தான். ஆனால் அதை வைத்து உயர்ந்த தரம் என்று முடிவு கட்ட முடியாது.

லேபிள் இல்லையென்றால் வெட்டிய விளிம்பைத் தேடுங்கள். ஜிப்புக்கு உட்புறம், பெல்ட்டில் குத்திய துளை, தையல் மடிப்பின் ஓரம் ஆகிய இடங்களில் மேல்பூச்சு இருக்காது. அங்கே நார் நாராகப் பின்னிக் கிடந்தால் தோல். மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஏடும் அடியில் நெய்த நூலும் தனித்தனியாகத் தெரிந்தால் செயற்கை. மேற்பரப்பில் உள்ள துளைகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வரிசையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் அசல் தோலிலும் அச்சடித்த வரிகள் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நெருப்பு வைத்துப் பார்க்கும் சோதனையை விட்டுவிடுங்கள், பொருள்தான் போகும்.

ஸ்வேட் என்பது தோலின் உள்பக்கத்தைத் தேய்த்து மென்மயிர் எழுப்பியது. நுபக் அதே மாதிரி இருக்கும். ஆனால் அது மேல்பக்கத்தைத் தேய்த்தது, மயிர் குட்டையாக இருக்கும். பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, நுபக்கைக் கொஞ்சம் மெதுவாகத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கீழே எதைத் தடவச் சொல்லியிருந்தாலும் முதலில் மறைவான இடத்தில் தடவுங்கள். தடவியதுமே முடிவுக்கு வராதீர்கள். ஈரத்தில் எல்லாமே கறுத்துத்தான் தெரியும், நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள்.

"வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது"

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வெள்ளைப் பூப்புக்கு மூன்று காரணங்கள் உண்டு: பூசணம், கொழுப்பு, உப்பு. மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம்.

ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பூத்த இடத்தில் சில விநாடி காற்றடியுங்கள். கறுப்பு ஷூவாக இருந்தால் கண்ணெதிரே தெரியும்: வெள்ளை மெல்ல மங்கி, கண்ணாடியில் ஊதிய ஆவி மறைவது போலக் காணாமல் போனால் அது கொழுப்பு. தோல் பதனிடும்போது ஏற்றிய கொழுப்பும், பின்னால் நாம் தடவிய எண்ணெயும், குளிர்ந்த நேரத்தில் மேலே வந்து உறைந்து நிற்கின்றன. இது நோயே இல்லை. சூடாக இருக்கும்போதே உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இரண்டு மூன்று முறை திரும்பி வரும், பிறகு நின்றுவிடும். இதைப் பூசணம் என்று நினைத்து ஆல்கஹாலால் தேய்தேய் என்று தேய்த்து, சாயத்தையும் சேர்த்து எடுத்துவிட்ட ஷூக்களைப் பார்த்திருக்கிறேன்.

சூட்டுக்கு அசையவில்லை, ஆனால் ஈரத்துணி பட்டதும் கரைகிறது, காய்ந்ததும் அலை அலையாகக் கோடு போட்டுத் திரும்ப வருகிறது என்றால் உப்பு. வியர்வை படும் வாட்ச் பட்டை, செருப்பின் உள்பட்டை, பனி கொட்டும் நாடுகளில் சாலையில் தூவும் உப்பில் நடந்த பூட்ஸ் ஆகியவற்றில் வரும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியைப் பிழிந்து, கோட்டை மட்டும் துடைக்காமல் அந்தப் பாகம் முழுவதையும் துடையுங்கள். கோட்டை மட்டும் துடைத்தால் அதைச் சுற்றிப் புதிதாக இன்னொரு கோடு வரும். காய்ந்த பிறகு லெதர் கண்டிஷனர் (தோலை மிருதுவாக்கத் தடவும் கிரீம்) கொஞ்சம்.

இரண்டும் இல்லை, பஞ்சு மாதிரி, வட்ட வட்டமாக, மக்கிய வாடையோடு இருக்கிறதா? அதுதான் பூசணம். பொருளை வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். பீரோவுக்குள்ளேயே வைத்துத் தட்டினால் அதன் வித்துகளை மற்ற எல்லாவற்றுக்கும் விநியோகம் செய்கிறீர்கள் என்று அர்த்தம். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணி லேசாக ஈரமாகும் அளவுக்கு நனைத்துத் துடைக்கவும். ஆல்கஹால் சில சாயங்களைக் கிளப்பிவிடும் என்பதால் மறைவிடச் சோதனை இங்கே கட்டாயம். காற்றோட்டமான நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போதே கண்டிஷனர் போட்டால் பூசணத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் ஒன்றாகக் கொடுத்த மாதிரி.

அடுத்து பீரோ. தட்டுகளையும் அதே கலவையால் துடைத்து, திறந்து வைத்துக் காயவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசணம் எப்படியும் திரும்ப வரும். பிளாஸ்டிக் உறையை எடுத்து எறிந்துவிட்டு, பருத்தித் துணிப் பையில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும், ஆனால் அது ஈரத்தைக் குடித்து நிரம்பியதும் வெறும் மணல்தான். வருஷக்கணக்காக அதே பொட்டலத்தை நம்பியிருப்பதில் பயனில்லை.

"தொட்டால் செதில் செதிலாக உரிகிறது"

தோல் என்று சொல்லி வாங்கியது உரிந்தால், பெரும்பாலும் அது தோல் இல்லை.

என்னிடம் ஒரு கறுப்புக் கைப்பை இருந்தது. மிகவும் பிடித்தது என்பதற்காகவே, நல்ல நாளுக்கு எடுக்கலாம் என்று உறை போட்டு வைத்திருந்தேன். ஆறு வருஷம் கழித்து வெளியே எடுத்தபோது கைப்பிடி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மடிப்புகளில் கறுப்புச் சருகுகள். அடியில் சாம்பல் நிறத் துணி பல்லிளித்தது. ஒரு நாள்கூட வெயிலில் போகாத பை.

காரணம் நீராற்பகுப்பு. பாலியூரித்தேன் பூச்சில் பரவலாகப் பயன்படும் ஒரு வகையை, காற்றில் உள்ள ஈரமே கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டாடுகிறது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், செய்த நாளிலிருந்தே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். அடைத்து வைப்பது காப்பாற்றாது. நெடுநாள் போடாமல் வைத்த ஷூவின் அடிப்பாகம் நடக்கும்போதே பொடிப் பொடியாக உதிர்வதும் இதே கதைதான்.

இதற்கு மருந்து கிடையாது. எண்ணெய், கண்டிஷனர், ஷூ பாலிஷ் எதுவும் பிளாஸ்டிக்குக்குள் இறங்காது, மேலே வழுக்கிக்கொண்டு நின்று அழுக்கைத்தான் சேர்க்கும். உரிந்த இடத்தில் வண்ணம் பூசலாம், ஆனால் அடுத்த மடிப்பில் பக்கத்து ஏடு கிளம்பும். சோபாவாக இருந்தால் உறை போடுங்கள், அல்லது துணி மாற்றுங்கள். பையாக இருந்தால் நன்றி சொல்லி விடைகொடுங்கள். புதிதாக இருப்பதை நீடிக்க வைக்க ஒரே வழி, வாங்கியதைப் பூட்டிவைக்காமல் பயன்படுத்துவதும், கை படும் இடங்களை மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலரவிடுவதும்தான்.

பிவிசி ரெக்சின் வேறு மாதிரி கெடும். அதை மிருதுவாக்கக் கலந்த பொருள் காலப்போக்கில் மேலே கசிந்து வரும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு விறைப்பு, கடைசியில் வெடிப்பு. பிசுபிசுப்பைச் சோப்புத் தண்ணீரால் துடைக்கலாம், கொஞ்ச நாளில் திரும்ப வரும். ஆல்கஹாலும் நகப்பூச்சு நீக்கியும் இதன் பக்கமே போகக் கூடாது.

அசல் தோலிலும் சில நேரம் மேல்பூச்சு மட்டும் உரியும். உரிந்த இடத்தில் துணிக்குப் பதில் தோல் நார் தெரிந்தால் நம்பிக்கை உண்டு. அதைத் தேய்த்துச் சமன் செய்து மறுபடி வண்ணம் ஏற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் முயற்சி செய்ய நான் சொல்லமாட்டேன்.

"நனைந்து காய்ந்ததும் கட்டையாகிவிட்டது"

தோல் நனைவதால் கெடுவதைவிட, காயவைக்கும் விதத்தில் கெடுவதுதான் அதிகம். ஈரத் தோல் சூட்டைத் தாங்காது. ஹீட்டர், அடுப்பு, உச்சி வெயில் மூன்றில் எதன் பக்கத்தில் வைத்தாலும் அதன் புரத நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோல், குரோமியத்தால் பதனிட்டதைவிட இதில் இன்னும் பலவீனம்.

நனைந்துவிட்டால் ஒற்றி எடுத்து, உள்ளே வெள்ளைத் தாளைக் கசக்கித் திணியுங்கள். செய்தித்தாளின் மை, வெளிர் நிற உள்துணியில் ஏறும். தாள் நனைய நனைய மாற்றவும். நிழலில் காற்றாட விட்டால் ஒன்றிரண்டு நாள் ஆகும், பொறுமை வேண்டும். பூசணம் பிடிக்காத தோலென்றால், முழுக்கக் காய்வதற்குச் சற்று முன், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் கட்டத்தில், கண்டிஷனரை மெல்லியதாகத் தடவுங்கள்.

ஏற்கெனவே விறைத்திருந்தால் கண்டிஷனரை வாரம் ஒருமுறை கொஞ்சமாகத் தடவி, கையால் மெல்ல வளைத்துக் கொடுங்கள். பாதி மீளும். வெடிப்பு விழுந்துவிட்டால், நார் அறுந்துவிட்டது என்று பொருள். எண்ணெய் அதை ஒட்டவைக்காது, நிரப்பிப் பூசி மறைக்கத்தான் முடியும்.

சமையல் எண்ணெய் தடவலாமா என்று கேட்காத ஆள் இல்லை. வேண்டாம். முதல் நாள் பளபளக்கும், பிறகு கறுக்கும், அப்புறம் சிக்கு வாடை அடிக்கும், தூசி ஒட்டும். சமையல் சோடாவும் வேண்டாம், துணிச் சோப்பும் வேண்டாம். தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது, காரம் அதற்கு ஆகாது.

"கறை பட்டுவிட்டது"

எண்ணெய்க் கறையென்றால் தண்ணீரைத் தொடாதீர்கள். டால்கம் பவுடரைக் குவித்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டிவிடுங்கள், தேவைப்பட்டால் மறுபடியும். மிச்சமிருப்பது நாளடைவில் தோலுக்குள் பரவி மங்கும். தேய்ப்பவர்கள்தான் கறையைப் பெரிதாக்குகிறார்கள்.

பேனா மை, பூச்சில்லாத தோலில் ஏறினால் போனதுதான். பூச்சுள்ள தோலில் பட்ட உடனே லெதர் கிளீனரால் ஒற்றி எடுத்தால் வாய்ப்புண்டு. ஆல்கஹால் மையை எடுக்கும், கூடவே சாயத்தையும் எடுக்கும். நீலக் கோடு போய் வெள்ளைத் திட்டு வந்தால் அது லாபமா? வெளிர் நிறப் பையில் ஜீன்ஸ் சாயம் ஏறினாலும் இதே விதிதான், சீக்கிரம் துடைத்தால் போகும். ரெக்சினில் சாயம் உள்ளே இறங்கிவிட்டால் வராது.

"ஸ்வேட் பளபளவென்று ஆகிவிட்டது", "தண்ணீர்ச் சொட்டு வட்டமாக நிற்கிறது"

ஸ்வேட் பளபளத்தால் மயிர் படுத்துவிட்டது என்று அர்த்தம். நன்றாக உலர்ந்திருக்கும்போது, ஸ்வேட் பிரஷ்ஷால் முதலில் ஒரே திசையில் தூசியைத் தள்ளிவிட்டு, பிறகு முன்னும் பின்னுமாக எழுப்புங்கள். அசையாத இடத்துக்கு வெள்ளை அழிப்பான். வண்ண அழிப்பான் தன் நிறத்தை விட்டுப் போகும். அதுவும் சரிவராவிட்டால் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் தள்ளிப் பிடித்து, ஈரமாகிவிடாமல் லேசாக ஆவி படிந்ததும் எடுத்து, உடனே பிரஷ் பண்ணுங்கள். கையால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வெளிறியும் விரல் தடம் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால் மயிர் உயிரோடு இருக்கிறது.

சொட்டு வட்டத்துக்கு வைத்தியம் விசித்திரமாகத் தோன்றும்: அந்தப் பாகம் முழுவதையும் நனைக்க வேண்டும். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தையலிலிருந்து தையல் வரை ஒரே சீராக ஈரமாக்கி, தாள் திணித்துக் காயவிட்டு, பிரஷ் போடுங்கள். வட்டம் தெரியக் காரணம் அதன் விளிம்புதான், விளிம்பு இல்லாமல் போனால் வட்டமும் இல்லை.

புது ஸ்வேட்டின் சாயம் நம் சட்டையில் ஒட்டுகிறதா? அது தேய்க்கும்போது மிஞ்சிய தூள். பிரஷ் போட்டு உதறி, லேசான ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

"நடந்தால் கீச்சுக் கீச்சு", "ஜிப் இறங்கவில்லை"

கீச்சுக்கு உள்பாதத் தட்டை எடுத்து அடியில் டால்கம் பவுடர். ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைப் பற்களில் தேய்த்துப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். இரண்டுக்கும் இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

"ஸ்வெட்டர் சுருங்கிவிட்டது"

என் தப்பு இங்கேதான். அண்ணனுடைய கம்பளி ஸ்வெட்டர், மார்பகலம் 54 சென்டிமீட்டர். அழுக்குத் துணியோடு தெரியாமல் சுடுதண்ணீர்ச் சுற்றில் போய்விட்டது. வெளியே எடுத்தபோது 43. தடித்து, கனத்து, பின்னல் கண்ணே தெரியாமல் அட்டை மாதிரி இருந்தது.

கம்பளி இழை ஒவ்வொன்றின் மேலும் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் அடுக்கி இருக்கின்றன. ஈரத்தில், சூட்டில், உருட்டிப் புரட்டும்போது அவை ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது. சூடு மட்டும் குற்றவாளி அல்ல, உருட்டல்தான் பெரிய குற்றவாளி.

மீட்க முயற்சி: வெதுவெதுப்பான தண்ணீரில் முடிக்குப் போடும் கண்டிஷனரை இரண்டு மூன்று கரண்டி கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தட்டையான இடத்தில் விரித்து, எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஊசி குத்தி நிறுத்துங்கள். காய்வதற்குள் ஓரிரு முறை மறுபடி இழுக்க வேண்டும். என் ஸ்வெட்டர் 48 வரை வந்தது, அதற்கு மேல் அசையவில்லை. பின்னல் கண் இன்னும் தெரிகிறதென்றால் பலன் அதிகம் கிடைக்கும். அட்டையாகிவிட்டதென்றால் சின்னவர்கள் யாருக்காவது பொருந்துமா பாருங்கள். அண்ணன் மகனுக்குப் பொருந்தியது.

துவைக்கும்போது 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், கம்பளிக்கென்று உள்ள திரவச் சோப்பு, அலசும் தண்ணீரும் அதே சூட்டில். சாதாரண சோப்புத் தூளில் புரதக் கறையை அரிக்கும் நொதிகள் இருக்கும். கம்பளியே புரதம்தான், அதையும் அரிக்கும். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தேவிடும்.

தொங்கவிட்டதால் நீண்டு தொய்ந்திருந்தால் அது வேறு விஷயம், அவ்வளவு கவலை வேண்டாம். நனைத்து, பழைய அளவுக்குத் தள்ளி அமைத்துத் தட்டையாகக் காயவைத்தால் சரியாகும். இனிமேல் மடித்து வையுங்கள்.

"உருண்டை உருண்டையாகப் பந்து கட்டுகிறது"

இழை மட்டம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தளர்வான குட்டை இழைகள் உரசலில் சுருண்டு கொள்வது நல்ல கம்பளியிலும் நடக்கும். விரலால் பிய்த்தால் கூடவே புது இழையும் இழுபட்டு வரும், நாளைக்கு அதுவே உருண்டை. ஸ்வெட்டர் சீப்போ பந்து எடுக்கும் சின்ன இயந்திரமோ கொண்டு, தட்டையாக விரித்து, அழுத்தாமல் எடுங்கள். சில துவைப்புகளுக்குப் பிறகு தானே குறையும்.

"ஓட்டை விழுந்திருக்கிறது"

யார் தின்றது என்று பாருங்கள். ஓட்டைப் பக்கம் பட்டு நூல் மாதிரி வலையோ, அரிசி அளவில் சின்னக் குழாய்க் கூடோ இருந்தால் அந்துப்பூச்சி. வலை இல்லாமல், மயிர் முளைத்த பழுப்புச் சட்டைகள் உதிர்ந்து கிடந்தால் கம்பள வண்டின் புழு. இரண்டிலும் தின்பது புழுதான். வளர்ந்த அந்துப்பூச்சிக்குத் தின்ன வாயே கிடையாது. பறக்கும் பூச்சியை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதில் அர்த்தமில்லை, முட்டை பீரோவுக்குள் இருக்கிறது.

துணியைப் பிளாஸ்டிக் பையில் காற்றை நசுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், காற்றின் ஈரம் துணியில் படாமல் பைக்கு வெளியே கோர்த்துக்கொள்ளும். பீரோவின் மூலை, இடுக்கு, அடிப்பக்கம் எல்லாம் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, அந்தக் குப்பையை அன்றைக்கே வெளியே போடவும். அழுக்கோடு மடித்து வைக்காதீர்கள், வியர்வை படிந்த கழுத்தும் அக்குளும்தான் புழுவுக்கு முதல் பந்தி.

அந்துருண்டை, இறுக்கமாக மூடிய பெட்டியில் மட்டுமே வேலை செய்யும். திறந்த அலமாரியில் போட்டால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, நாம்தான் அந்த ஆவியைச் சுவாசிப்போம். நாப்தலீன் உருண்டையையும் பாராடைகுளோரோபென்சீன் உருண்டையையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் சேர்ந்து இளகித் துணியில் கறை படியும். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைக்கு நாப்தலீன் வாடை ஏறிய துணி ஆபத்து, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அதனால் அந்துருண்டை போட்டு வைத்திருந்த கம்பளியைக் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள்.